முழங்கால் சாட்சி

மூன்று வருடங்களாக நான் ஜெபத்தில் முழங்காலிடவில்லை. சபை முழுவதும் மண்டியிடும்போது நான் மட்டும் நாற்காலியில் இருப்பேன். போன ஞாயிறு என்னை மறந்து முழங்காலிட்டுவிட்டேன். அவ்வளவுதான். எழும்புவதற்குள் பாஸ்டர் இரத்தினசிங்கம் அதை அற்புதம் என்று அறிவித்துவிட்டார். அடுத்த ஞாயிறு சிஸ்டர் ரூத் மேடையேறிச் சாட்சி சொல்லுவார் என்றார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

அந்த அற்புதம் டென்மார்க்கில், எங்கள் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்து மருந்துக்கடையில், என் பெயர் ஒட்டிய சின்னப் போத்தலில் கிடைத்தது. கஞ்சா எண்ணெய். இருபத்திரண்டு வருடம் குளிர் அறையில் நின்று பன்றி இறைச்சி வெட்டித் தேய்ந்த மூட்டுகள். மாத்திரைகள் என் வயிற்றைக் கெடுத்ததுதான் மிச்சம். கடைசியில் மூட்டு டொக்டர் இதை எழுதித் தந்தார். வலி போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. குனிந்து சப்பாத்து நாடா கட்டுகிறேன். எனக்கு அதுவே பெரிய காரியம்.

சபையின் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பானவர் என் கணவர் இன்பநாதன். ஞாயிறு காரில் போகும்போது தொடங்கினார்.

"கர்த்தர் சுகம் தந்தார் எண்டு சொல்லிப்போட்டு இறங்கும். அந்தச் சொல்லை மட்டும் வாயில எடுக்காதையும்."

"டொக்டர் தந்த மருந்தைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்? நான் களவெடுத்தனானோ?"

"பாஸ்டர் உம்மைச் சண்டே ஸ்கூலால நிப்பாட்டிப்போடுவார், ரூத்."

அது எனக்கும் தெரியும். பதினொரு வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அதை இழக்க எனக்கு மனமே இல்லை. ஆனால் வியாழக்கிழமை அமலராணி அக்கா போன் எடுத்திருந்தார். இடுப்பு எலும்பு தேய்ந்து பொல்லு ஊன்றி நடப்பவர்.

"உமக்குச் சுகம் வந்ததைக் கண்டு எனக்கும் விசுவாசம் வந்திட்டுது. உம்மடை சாட்சியைக் கேட்டிட்டு டொக்டர் தந்த என்ரை குளிசை எல்லாத்தையும் எறியப் போறன்."

"அது மருந்து, அக்கா," என்றேன்.

"பாஸ்டர் பொய் சொல்லுவாரோ?" என்று சிரித்தார்.

எனக்கு வந்த கோபம் ஞாயிறாகியும் ஆறவில்லை. அதோடுதான் மேடையேறினேன்.

"ஸ்தோத்திரம். நான் முழங்காலிட்டது உண்மை. கர்த்தர் எனக்கு ஒரு நல்ல டொக்டரைத் தந்தார். அவ எழுதித் தந்தது கஞ்சா எண்ணெய்."

அல்லேலூயா சொல்லத் திறந்த வாய்கள் அப்படியே நின்றன. பாஸ்டர் முகம் கறுத்து, இன்பநாதனைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டினார். மைக்கை நிறுத்தச் சொல்லும் சைகை அது. பதினான்கு வருடத்தில் இன்பநாதன் அதை ஒருநாளும் மீறியதில்லை. அமலராணி அக்காவோ வாசலோரம், கடைசி வரிசையில் இருந்தார். அதற்குமேல் நடக்க அவரால் முடியாது. காதும் கொஞ்சம் மந்தம். மைக் போனால் நான் சொல்வது அவருக்கு எட்டாது.

மைக் போய்விட்டது என்றே நினைத்துத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"அமலராணி அக்கா! குளிசையை எறியாதேங்கோ! எனக்கு நடந்தது அற்புதம் இல்லை, மருந்து!"

மண்டபமே அதிர்ந்தது. அமலராணி அக்கா திடுக்கிட்டுப் பொல்லைத் தவறவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். பாஸ்டரின் கை இன்னும் தாழ்ந்தபடியே இருந்தது. இன்பநாதன் அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே சத்தத்தை இன்னும் கூட்டினார்.

"மைக்கைக் கிட்டப் பிடிச்சுக் கதையும், ரூத்," என்றார்.