நல்ல இளைப்பு

கோட்டைப்பட்டினத்தில் ஒருவர் நாலு கிலோ இளைத்துவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லாரும் டாக்டராகிவிடுவார்கள். "என்ன இப்புடி இளைச்சுட்டீங்க, சுகரா?" என்பதுதான் சலாமுக்கு அடுத்த வார்த்தை. ஆனால் ராஜா முகமது பதினோரு கிலோ இளைத்தபோது யாரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை. அவன்தான் எடை தூக்கிப் பயிற்சி செய்கிறானே!

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல இளைப்பு" என்றாள் அவன் அக்கா சம்சுன் நிஹார். "மாப்பிள்ளைக் கோலத்துல இருந்த மாதிரியே ஆயிட்டான். பாசிலா, ஒன் கைராசிடி."

அவன் மனைவி பாசிலாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திட்டம் முழுக்க அவளுடையது. மூன்று வருடத்துக்கு முன் முதுகு வலியால் குனிய முடியாமல் கிடந்தவளை, அறந்தாங்கியில் பிசியோதெரபி பார்க்கும் ஷர்லிதான் எடை தூக்க வைத்து நிமிர்த்திவிட்டாள். ஆவூர்க்காரி. பேச்சு கறாராக இருக்கும்.

"வாரத்துக்கு மூணு நாளு போதும் பாசிலா. குந்தி எந்திரிக்கிறது, தூக்குறது, தள்ளுறது, இழுக்குறது. பன்னெண்டு தடவ சுலபமா வந்தா எடையக் கொஞ்சம் ஏத்துங்க. மீன், முட்டை, சுண்டல்னு தினமும் சாப்பிடுங்க. வாரத்துக்கு அரைக் கிலோ கொறஞ்சா அது கொழுப்பு. வேர்வைய நம்பாதீங்க, கண்ணாடிய நம்பாதீங்க. எழுதி வைக்கிற நோட்ட நம்புங்க."

சவூதியில் தம்மாமில் நாலு வருடம் இருந்துவிட்டு ராஜா முகமது தொப்பையும் தொண்ணூற்று நாலு கிலோவுமாக வந்து இறங்கினான். அங்கேயே புது கம்பெனியில் விசா வந்துகொண்டிருந்தது. பெருநாள் முடிந்து மூன்று நான்கு வாரத்தில் மெடிக்கல். அதற்குள் உடம்பைத் தேற்ற வேண்டும் என்றான். மகள் ஆஃப்ரீன் பள்ளி வேனில் ஏறியதும் இருவரும் மாடிக்குப் போய்விடுவார்கள். அவன் பார்பெல்லைத் தோளில் வைத்துக் குந்தி எழுவான், அவள் எண்ணுவாள்.

"இடுப்புல முந்தானையச் சொருகிட்டு அதட்டுற மாஸ்டர இப்பத்தான் பாக்குறேன்."

"பேச்சக் கொறைங்க மச்சான். ஒம்போது."

"பத்து புள்ள! ஏமாத்தாத."

நாலு வருடமாகப் போனில் மட்டுமே குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்த மாடிதான் இரண்டாவது கல்யாணம். முதல் எட்டு வாரத்தில் நாலு கிலோ குறைந்தது. தோளில் ஏற்றிய எடை முப்பதிலிருந்து ஐம்பதாக உயர்ந்தது. ஷர்லி சொன்ன கணக்கு பிசகாமல் நடந்தது.

பிறகு நோன்பு வந்தது. ஐம்பது நாற்பத்தைந்தாகி, நாற்பதாக இறங்கியது. ஒவ்வொரு முறை எண் குறைந்தபோதும் பாசிலா நோட்டில் அதன் பக்கத்தில் 'நோன்பு' என்று எழுதி வைத்தாள். அவன் இருமினான். தொண்டை வறண்டுவிட்டது என்றான். காலையில் எழும்போதே பனியன் நனைந்திருந்தது.

"கொழுப்பு உருகுது புள்ள" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

பெருநாள் போய் இரண்டு வாரமாக மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டான். எடை தூக்குவது பழைய நிலைக்கு ஏற வேண்டும். ஏறவில்லை. முப்பது கிலோவோடு குந்தியவனால் நாலு தடவைக்கு மேல் எழ முடியவில்லை. அன்று காலை எடுத்த எடை எண்பத்து மூன்று. 'நோன்பு' என்று எழுத இனி வழியில்லை. பாசிலா ஷர்லிக்குப் போன் போட்டு எண்களை வரிசையாகப் படித்தாள்.

"நல்லா சாப்பிடுறாரு. எடையும் கொறையுது, பலமும் கொறையுது" என்றாள் ஷர்லி. "இது கொழுப்பு போற கணக்கு இல்ல பாசிலா. இருமல் இருக்கா?"

"இருக்கு."

"எத்தன நாளா?"

பாசிலா நோட்டைப் பின்னால் புரட்டி எண்ணினாள். "ஒன்னரை மாசமா."

"ஒடனே கூட்டிட்டுப் போங்க."

கணவனிடம் அவள் பதமாகத்தான் பேச்சை எடுத்தாள். "ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம் மச்சான்."

"பைத்தியமா ஒனக்கு? மெடிக்கலுக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு. எக்ஸ்ரேல ஒரு புள்ளி விழுந்தாலும் அன்ஃபிட்டுன்னு குத்திருவான்."

"எக்ஸ்ரேன்னு நான் சொல்லவே இல்லையே."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தம்மாமில் அவன் அறையில் படுத்திருந்த ஒருவன் மாதக்கணக்கில் இருமினான், பிறகு அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ராஜா முகமதுவுக்கு ஆரம்பத்திலிருந்தே உள்ளூர ஒரு பயம் இருந்திருக்கிறது.

"ஒடம்பு தேறிட்டா நெஞ்சும் தேறிரும்னு நெனச்சேன் புள்ள" என்றான் தாழ்ந்த குரலில். "பத்தே நாளு பொறு. இந்த விசா போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு?"

அவன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பொறுத்தாள்.

ஆறாம் நாள் காலை ஆஃப்ரீன் பள்ளிப் பையோடு வாசலில் நின்று இருமினாள். இருமி முடித்துவிட்டு, ஏதோ வித்தை செய்து காட்டியவள் போல நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தா மாதிரியே வருதும்மா."

வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பாசிலா பிள்ளையை ஏற்றிவிடவில்லை. உள்ளே போய், "சட்டையப் போடுங்க" என்றாள். ராஜா முகமது மகளைப் பார்த்தான், மறுபேச்சில்லாமல் சட்டையை எடுத்தான்.

அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் சளி கேட்டார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுநாள் டாக்டரம்மா இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அவனுக்கு வலது நுரையீரலின் மேல்பாதி வெண்மையாகக் கிடந்தது. பிள்ளைக்குச் சின்னதாக ஆரம்பித்திருந்தது.

"டி.பி.தான். ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை சாப்பிட்டா கொணமாயிரும், ரெண்டு பேருக்கும்" என்றார். "ஒங்களுக்கு உள்ள வடு நிக்கும். வீட்ல இன்னும் யார் யார் இருக்கீங்க?"

வடு என்ற சொல்லோடு தம்மாம் முடிந்துபோனது. வெளி பெஞ்சில் ராஜா முகமது, மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களால் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவில் ஆஃப்ரீன் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கூப்பிடு தூரம் போய் வந்தவன் போல அவனுக்கு மூச்சு வாங்கியது.

"பொறுன்னு நான் சொன்னேன்" என்றான். "நீ ஏன் புள்ள அதக் கேட்டுகிட்டு இருந்த?"

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்ல அவளிடம் ஆயிரம் இருந்தன. அவன் கோபமாகச் சொல்லவில்லை. வேண்டாம் என்றவனைத் தரதரவென்று இழுத்துப் போயிருக்கலாம், சம்சுன் நிஹாரைக் கூட்டி ஊரைக் கூட்டியிருக்கலாம். விசா அவளுக்கும்தான் வேண்டியிருந்தது. பழைய மாப்பிள்ளையாக அவன் மாறி நின்றது அதைவிட வேண்டியிருந்தது. இதை எந்த வாயால் சொல்வாள்?

"ஆஃப்ரீன்! பாப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள். "எடையப் பாத்துத்தான் மாத்திரை."

பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறி நின்றாள்.

"இருபத்தொண்ணு. ஒம்போது வயசுக்குக் கம்மியா இருக்கே" என்று எழுதிய நர்ஸ் தலை நிமிர்ந்தாள். "இதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்தாம்மா?"

வாரம் மூன்று நாள், நூறு கிராம் விடாமல், அவள் கணவனின் எடையை எழுதியிருக்கிறாள்.

"தெரியலங்க" என்றாள் பாசிலா.