மடக்குத் துப்பாக்கி

ராய்ஸ் எனக்குத் தர வேண்டியது முந்நூற்று எண்பது டாலர். பிப்ரவரியில் அவன் வண்டியின் கியர் பெட்டி உடைந்தபோது கொடுத்தது. என் கடைவாய்ப் பல்லுக்காக எடுத்து வைத்திருந்த பணம். ஆகஸ்ட் வந்துவிட்டது. பல் வலிக்கிறது, பணம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தீவனக் கடை வாசலில் தன் வண்டியை என் வண்டியோடு ஒட்டி நிறுத்தினான். சீட்டுக்குப் பின்னாலிருந்து பள்ளிக்கூடப் பை அளவில் ஒன்றை எடுத்தான். உள்ளே அவனுடைய துப்பாக்கி, இரண்டாக மடிந்து கிடந்தது.

"காசுக்குப் பதிலா இதை வச்சுக்கோ, ஆர்லிஸ்."

போன கிறிஸ்துமஸுக்கு ஐந்நூறு கொடுத்து வாங்கியது. முந்நூற்று எண்பதுக்கு எவன் தருவான்?

"திருட்டுச் சாமானா இது?"

"உங்க அம்மா மேல சத்தியமா இல்லடா."

"எங்க அம்மாவை ஏன் இழுக்குற? உங்க அம்மா மேல பண்ணு."

ரசீதை நீட்டினான். ரசீதிலிருந்த எண்ணையும் இரும்பில் வெட்டியிருந்த எண்ணையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

துப்பாக்கியில் நல்லது நிறைய உண்டு. மடித்தால் இருக்கைக்கு அடியில் போய்விடும். என் கைத்துப்பாக்கியின் குண்டுதான் இதற்கும், ஒரே பெட்டி போதும். தோளை உதைக்காது. சோளக் கொல்லையிலிருந்து பன்றிகள் சிதறி ஓடும்போது விசையை இழுக்க இழுக்க அடுத்த குண்டு தானாக ஏறி நிற்கும். குறையும் உண்டு. நூறு கஜம் தாண்டினால் பெரிய பன்றி தும்மிவிட்டுப் போய்விடும். விசை கனம். கன்னம் வைக்கிற இடம் டெக்சாஸ் வெயிலில் தோசைக்கல்லாகச் சுடும். மேலே தூரக்கண்ணாடி மாட்டினால் மடிக்க முடியாது. இதெல்லாம் அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

"இப்ப ஏன் தள்ளி விடுற?"

"மடிக்கும்போது விரல் நசுங்குதுடா."

"எட்டு மாசமா நசுங்காத விரலா?"

அவன் தன் டயரைப் பார்த்தான்.

சுட்டுப் பார்க்க வறண்ட ஓடைக்குப் போனோம். ஐம்பது கஜத்தில் தீவன வாளியின் மூடியைச் சாய்த்து வைத்து, கடையில் வாங்கிய குண்டில் பத்து சுட்டேன். மூடியில் பட்டது இரண்டு. மற்றதெல்லாம் சுற்றியிருந்த மண்ணில்.

"கண்ணாடி போடு, கிழவா," என்றான் ராய்ஸ், சூரியகாந்தி விதையைத் துப்பிக்கொண்டே. சிரிப்பில் சத்தம் இல்லை.

குண்டுகளை எடுத்துவிட்டு மடித்தேன். மடித்தால் குழாயின் பின்வாய் திறந்துகொள்ளும். அதில் கண்ணை வைத்து வானத்தைப் பார்த்தேன். குழாயின் பாதியைத் தாண்டி ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. ஒரு குண்டு உள்ளே சிக்கி, அதன் முதுகில் இன்னொன்று மோதி, இரும்பு வீங்கியிருந்தால்தான் அப்படித் தெரியும்.

"ஒண்ணு சத்தமே இல்லாம வெடிச்சுச்சா?"

"புஸ்ஸுன்னுச்சு."

"அதுக்கப்புறமும் சுட்டியாடா?"

"பன்னி எதிர்ல நின்னுச்சு. கையால இழுத்து ஏத்திட்டு சுட்டேன்."

"எவன் செஞ்ச குண்டு அது?"

வண்டிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்தான். மூடியில் கோணல் எழுத்து: 'ராய்ஸுக்கு. ஐம்பது.' என் எழுத்து.

மே மாதம் அவன் பிறந்த நாளுக்கு என் கொட்டகையில் செய்த ஐம்பது குண்டு. அவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மைத்துனியின் மூன்றாம் கல்யாணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் சிரித்துக்கொண்டே குண்டு அடைக்கும் கருவியின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு குண்டு வெடிமருந்தில்லாமல் போயிருக்கிறது.

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"ஆசையா பண்ணிக் குடுத்தே. எப்படிச் சொல்றது?"

"அதனால கெட்டதை என் தலையில கட்டப் பார்த்தியா?"

"உன்னால கெட்டது உன்கிட்டயே வரட்டும்னுதான்."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உப்பியது குழாய். வெடித்திருந்தால் அவன் முகம். அதே சாயங்காலம் எனக்கும் ஐம்பது செய்திருந்தேன். இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியில் அவைதான் இருந்தன. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அவன் பெட்டியில் போட்டேன். எதை நம்புவது?

துப்பாக்கியை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"புதுக் குழாய் போட்டுக்கோ."

"அப்ப உன் காசு?"

வண்டியிலிருந்த பென்சிலை எடுத்து, பெட்டி மூடியில் என் எழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'முந்நூற்று எண்பது. தீர்ந்தது.'