மூன்றாம் பீப்பாய்க்கு ஒரு சொல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஜெர்மனியின் மோசல் ஆற்றுச் சரிவில் திராட்சைக் கொடிகளை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது யூடித் சொன்னது. பதினோரு வருடமாக நான் அவள் குடும்பத்தின் தோட்டத்தில் வேலை செய்கிறேன். "எழுதிக்கோ. ஆனா எங்கப்பாவைப் பாவமா மட்டும் எழுதிடாத," என்றாள்.

அதனால் முதல் தொடக்கத்தை அடித்துவிட்டேன்: [முதியவர் வெண்டலின் இருண்ட நிலவறையில் தன்னந்தனியாக]

தனியாகவா? அவள் அப்பா பீப்பாய்களோடுகூட வாயாடுவார்.

2

நான்கு தலைமுறையாக வெள்ளை ஒயின். கொஞ்சம் இனிப்பு மிஞ்சியிருக்கும்போதே நொதிப்பை நிறுத்துவது வெண்டலின் வழக்கம், அவர் அப்பாவின் வழக்கமும்கூட. மகள் யூடித்துக்கோ இனிப்பு முழுக்க நொதித்துத் தீர வேண்டும். பத்து வருடச் சண்டை. தீர்ப்பு மட்டும் எப்போதும் அப்பாவின் மூக்குடையது.

அந்த மார்ச்சில் ஏழாம் பீப்பாயை முகர்ந்து, "அடடா, பேரிக்காய்!" என்றார். யூடித் முகர்ந்தாள். காடி நெடி. ஒயின் கெட்டிருந்தது.

(இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் சோதித்துப் பார்க்கிற ஆள்.)

நல்ல ஒயின் ஒன்றை இரண்டு கோப்பைகளில் ஊற்றி நீட்டினாள். முகர்ந்துவிட்டு ஒன்றில் ஆப்பிள் என்றார், மற்றதில் எலுமிச்சை.

"அப்பா, ரெண்டும் ஒண்ணுதான்."

கோப்பையை வைத்தார். "டிசம்பர் காய்ச்சலோட வாசனையே தெரியாமப் போயிடுச்சும்மா. காபி வெறும் சுடுதண்ணி."

"மூணு மாசமா நடிச்சீங்களா?"

"உங்கம்மா சமையலை மூணு மாசமாப் புகழ்றேனே, அப்பவே உனக்குப் புரிஞ்சிருக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு பாதியில் உடைந்தது.

3

மூன்றாம் பீப்பாய் இன்னும் நொதித்துக்கொண்டிருந்தது. நிறுத்துவதா விடுவதா என்று அன்றே முடிவெடுத்தாக வேண்டும்.

"இனிப்பு புளிப்பு நாக்குக்குத் தெரியுது. வாசனையை நீ சொல்லு. பழுத்த பழம்னா இன்னிக்கே நிறுத்திடலாம். ஈரக்கல்லு வாசனைன்னா உன் இஷ்டப்படி இனிப்பு தீர விட்ருவோம்," என்றார் வெண்டலின்.

[பத்து வருடச் சண்டையை ஒரே சொல்லில் ஜெயித்துவிடலாம் என்று அவளுக்கு]

இதையும் அடித்தேன். ஆனால் அப்படித்தான் தோன்றியதாம். கொடியைக் கட்டியபடி, என் முகம் பாராமல் அவளே சொன்னாள்.

முகர்ந்தாள். பழுத்த பீச் பழம். சந்தேகமே இல்லை.

"சொல்லும்மா. நீ எது சொன்னாலும் அதான்," என்று வெண்டலின் கண்ணை மூடிக்கொண்டார்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் உண்மை சொல்கிறாள். இன்னொன்றில் பொய். நடந்தது எனக்குத் தெரியும். அந்த ஒயினைக் குடித்தும் இருக்கிறேன். நல்ல ஒயின். ஆனாலும் இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் சொன்ன சொல்லை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அதைக் கேட்டதும் வெண்டலின் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

"ஆமாம்மா," என்றார். "எனக்கும் அந்த வாசனை வருது."