அத்தையிடம் விசாரித்தார்கள்

பயோடேட்டாவில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று தம்பி மனைவி தட்டியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட அத்தையை, அப்பாவின் அக்காவை, இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டது நான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு, முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்து, ஒரு படுக்கைப்புண்கூட வராமல் காப்பாற்றினேன். சம்பளம் வாங்காததால் அது வேலை இல்லையாம்.

அத்தை போய் ஒரு மாதம் ஆகிறது. நாங்கள் இருந்த அத்தை வீட்டை விற்கப்போகிறார்கள். இந்தப் பயோடேட்டா போகிற முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தால் தங்க அறையும் தருவார்கள். இல்லாவிட்டால் தம்பி வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். அது தெரிந்துதான் அவன் மனைவி அவ்வளவு அக்கறையாக உட்கார்ந்து தட்டினாள்.

நான் சொன்னதையெல்லாம் சேர்த்தாள். கடைசியில், உங்களைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்று ஒரு கட்டம். மேலதிகாரி யாராவது வேண்டும் என்றாள். என் வேலையைக் கண்ணால் பார்த்தது அத்தை ஒருத்திதான். குறை சொன்னதும் அவள்தான். வீம்புக்கு அவள் செல்போன் எண்ணையே போடச் சொன்னேன். அந்த போன் பீரோவுக்குள் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. யாரும் எடுக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

நேர்காணலுக்குப் போனபோது இல்லத்தின் மேற்பார்வையாளர் அம்மா என் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேற்றே விசாரித்துவிட்டதாகச் சொன்னார். யாரிடம் என்று கேட்டேன்.

"உங்க மேலதிகாரிகிட்டதான். வாய் நிறைய பாராட்டினாங்க. உடம்பு தொடைக்கிற தண்ணி மட்டும் எப்பவும் சூடு ஜாஸ்தியாம்."

அத்தை தினமும் சொன்ன புகார் அது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அவங்க செத்துட்டாங்கம்மா," என்றேன்.

"அதையும் சொன்னாங்க."

அவர் முகத்தில் கேலி இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் வேளை தவறாம புரட்டிப் போடறீங்களாமே. 'அவள எப்படியாவது வேலைக்குச் சேத்துக்கோங்க, என்னைக் கொஞ்சம் தூங்க விடட்டும்'னு அழுதாங்க."

உண்மைதான். வெறும் மெத்தைமேல் குனிந்து இரண்டு கையாலும் புரட்டுவேன். கையில் கனம் தெரியும். பழக்கதோஷம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கே வந்து தங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, அறைச் சாவியை மேசைமேல் வைத்தார். எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. கை நீட்டினேன். ஆனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

"ஒரே ஒரு தடவை புரட்டிப் போட்டுட்டு வந்துடறேம்மா," என்றேன்.