பஸ்ஸில் ஏறிய பன்னிரண்டு அறைகள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில், வெள்ளிமலை பஸ்ஸின் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "வண்டிய எடுங்கய்யா" என்று முதலில் முணுமுணுத்தவன் நான்தான். எதற்காக நின்றோம் என்று தெரிந்ததும் வெட்கமாகப் போயிற்று. அந்த வெட்கத்தில்தான் மலையேறி லிடியாவைப் பார்த்துப் பேசினேன். அதனால் நான் பஸ்ஸுக்குள் இருந்தாலும், கதை அவள் நின்ற இடத்திலிருந்துதான் நடக்கும்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மூடுபனி இறங்கிய ஒரு காலையில் லிடியா [அடித்துவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில்.]

லினக்ஸ் என்பது ஒரு [நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.]

தனுஷா ஒரே ஒரு வரி தட்டினாள். பன்னிரண்டு பேருடைய வேலையும் காணாமல் போயிற்று.

இது இருக்கட்டும்.

2

லிடியா மூங்கில்துறைப்பட்டுக்காரி. கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் கணினி ஆசிரியை. பள்ளியின் பெயர் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் பன்னிரண்டு பெண்கள். ஆறு பழைய கணினிகள், அவை எல்லாவற்றுக்கும் வேலை செய்து கொடுக்க லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட பெரிய கணினி ஒன்று. தகவல்தளப் பாடத்துக்கு எல்லோருடைய வேலையும் அதில் ஒரே இடத்தில் இருந்தது. தன் அட்டவணையை அழிப்பதாக நினைத்து, அவர்களில் ஒருத்தியான தனுஷா மொத்தத்தையும் அழித்துவிட்டாள். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது.

யாரும் அவளைத் திட்டவில்லை. ஆனால் மறுநாள் அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தட்டு தனுஷா."

"நான் வாயால சொல்றேன் மிஸ். கைய வெக்க மாட்டேன்."

லிடியாவுக்கு அழிந்த வேலையைவிட அந்தக் கைகள்தான் உறுத்தின.

3

முதலில் ஒவ்வொருத்திக்கும் ஒரு மெய்நிகர் கணினி போட்டுப் பார்த்தாள். ஆளுக்கொரு தனி வீடு கட்டிக் கொடுப்பதுபோல. மூன்றாவது வீட்டிலேயே பெரிய கணினி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. சரி, வீடு ஒன்றே இருக்கட்டும், உள்ளே பூட்டுப் போட்ட தனி அறைகள் போதும் என்று கன்டெய்னர் என்கிற முறைக்கு வந்தாள். அதற்கு டாக்கர் என்ற கருவி வேண்டும். காசில்லாமல் கிடைக்கும். கிடைப்பது இணையத்தில். பள்ளியில் இணையம் இல்லை. விடுதிப் பொறுப்பும் அவளிடமே இருந்ததால் கீழே இறங்கவும் வழியில்லை.

கள்ளக்குறிச்சியில் கணினிக் கடையில் வேலை பார்க்கும் தம்பி அமலுக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் இறக்கி, பென் டிரைவில் போட்டு, காலை பஸ் கண்டக்டர் பழனியிடம் கொடுத்தான்.

புதன்கிழமை வந்ததில் ஒரு கோப்பு குறைந்தது. அது இல்லாமல் டாக்கர் ஏறவில்லை.

வியாழக்கிழமை வந்ததில் எல்லாம் இருந்தது, பாதிப் பாதியாக. பஸ் கிளம்புகிற அவசரத்தில், நகல் முடியும் முன்பே அமல் பிடுங்கிக் கொடுத்துவிட்டான். (அமல் இதை மறுக்கிறான். லிடியா சொன்னதையே எழுதுகிறேன்.)

"இன்னா டீச்சர், இன்னிக்கும் சரியா வரலியா?" என்றார் பழனி.

"நாளைக்கு ஒரு நாள்தாங்க இருக்கு. சனி, ஞாயிறு நான் போட்டு முடிக்கணும். திங்கக்கிழமை பரிட்சை."

பழனி தலையைச் சொறிந்தார். "நாளைக்கு நான் பாத்துக்கறேன்."

4

வெள்ளிக்கிழமை. தண்ணீர்த்தொட்டிப் படியில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். லிடியா அங்கே நின்றாள்.

"அக்கா, லேப்டாப்போட பஸ்லயே ஏறிட்டேன். எழுபது பர்சென்ட் ஆயிருக்கு."

"பாதியில புடுங்காதடா."

"டைம் ஆயிடுச்சுக்கா. ஹாரன் அடிக்கறாங்க."

போனுக்குள் பஸ்ஸின் சத்தம் கேட்டது. யாரோ வண்டியை எடுக்கச் சொன்னார்கள். [நான்.] பிறகு பழனியின் குரல்.

"ரெண்டு நிமிசம் இருங்க. மலைமேல பன்னெண்டு பொண்ணுங்களுக்கு சாமான் ஏறிக்கினு இருக்குது."

"இன்னா சாமான்?" ஒரு பெண்குரல்.

"ஆளுக்கொரு ரூமு."

"அவ்ளோ சின்ன குச்சியிலயா?"

"அதாம்மா அதிசயம். எண்பத்திநாலு."

லிடியா படியில் உட்கார்ந்துவிட்டாள். எண்பத்தொன்பது என்று பழனி படித்தார். தொண்ணூறு என்றபோது இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன. தொண்ணூற்றைந்துக்கு மேல் பஸ்ஸே எண்ணியது. தொண்ணூற்றொன்பதில் வெகுநேரம் நின்றது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நூறு" என்றான் அமல்.

பஸ்ஸில் எழுந்த சிரிப்பை, தொட்டிப் படியில் தனியாக உட்கார்ந்து அவளும் சிரித்தாள். (தொண்ணூற்றேழிலிருந்து நானும் எண்ணினேன். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

5

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு அறைகளும், ஆளுக்கொரு பயிற்சி அட்டவணையோடு, எழுந்து நின்றன. லிடியா தனுஷாவை அழைத்தாள்.

"அன்னிக்கு அடிச்சியே, அதே வரிய அடி."

"வேணாம் மிஸ்."

"அடி. நான் சொல்றேன்ல."

கைகள் மெதுவாக வெளியே வந்தன. தட்டினாள். அவளுடைய அறை மட்டும் காலியானது. மற்றப் பதினொரு பேரும் முறைவைத்துத் தங்கள் அறையைத் திறந்து பார்த்து, "என்னுது இருக்குது", "என்னுதும் இருக்குது" என்றார்கள். லிடியா ஒரே ஒரு கட்டளையில் தனுஷாவின் அறையைப் புதிதாக எழுப்பிக் கொடுத்தாள். தனுஷா மறுபடி அழித்தாள். மறுபடி கேட்டாள். நான்காவது தடவை கட்டளையை அவளே போட்டாள்.

6

தேர்வின் நடுவே மின்சாரம் போயிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். அப்படியும் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். ஆனால் போகவில்லை. பன்னிரண்டு பேரும் ஒழுங்காக எழுதி முடித்தார்கள். நான் என்ன செய்ய?

வேறு முடிவு இருக்கிறது. தேர்வு முடிந்த மறுநாள், பஸ் நிற்கும் பத்து நிமிடத்தில் பழனி ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

"அந்த ரூமு எப்பிடி இருக்குதுன்னு பாக்கலாமுங்களா டீச்சர்?"

லிடியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தனுஷா பதின்மூன்றாவதாக ஓர் அறையை எழுப்பி, விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இது உங்க ரூமுங்க. யாரும் உள்ள வர முடியாது. இன்னா வெச்சிக்கறீங்க?"

இருபத்தாறு வருடம் அடுத்தவர் மூட்டைக்கெல்லாம் இடம் பார்த்துக் கொடுத்த மனிதர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி ஒரு சொல்லைத் தட்டினார். தனுஷா படித்துவிட்டு லிடியாவைப் பார்த்தாள். இரண்டு பேர் முகமும் மலர்ந்தது.

என்ன சொல் என்று லிடியா என்னிடம் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. உங்களுக்கு ஓர் அறை கிடைத்திருந்தால் என்ன தட்டியிருப்பீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: