த்ரீ ஃபேஸ்

சுப்ரமணியை மோட்டார் கொட்டாயின் தூணோடு சேர்த்துக் கட்டியபோது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் மோகன்குமார். அவனுடைய அப்பா பஞ்சாட்சரம் பிடிக்கச் சொன்னார், பிடித்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி விடுதியிலிருந்து பொங்கல் விடுமுறைக்குத் திருப்புலிவனம் வந்திருந்தான். மோட்டாரின் செப்பு ஒயர் காணாமல் போயிருந்தது. ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து கூலிக்கு வரும் சுப்ரமணிதான் எடுத்திருப்பார் என்று பஞ்சாட்சரம் முடிவு செய்துவிட்டார். அண்ணன் சுகுமார் பச்சை மூங்கிலால் அடித்தான். "நா எடுக்கல சாமி" என்று சுப்ரமணி நாலைந்து முறை சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். இடது காதிலிருந்து ரத்தம் இறங்கிச் சட்டைக் காலரில் ஊறியது. மோகன்குமார் கயிற்றை விடவில்லை. பயத்தினால் அல்ல. விடலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பின்னால் அவனைத் தின்றது அதுதான்.

நான்காம் நாள் ஒயரோடு வேறு ஊர்க்காரன் ஒருவன் பிடிபட்டான். அதைச் சொல்ல மோகன்குமார் ஏரிக்கரைக்குப் போனான். கதவைத் திறந்த சுப்ரமணியின் மகன் தேவராஜ் ஒரு வார்த்தை பேசாமல் அவன் வாயில் குத்தினான். உதடு கிழிந்தது. இரண்டாவது குத்தில் கீழே விழுந்தான். எழுந்து அங்கேயே நின்றான். உள்ளேயிருந்து வந்த தேவராஜின் தங்கை அனுஷாதான், "போதும் வுடு, நம்ம வாசல்ல ரத்தம் வேணாம்" என்றாள்.

அடுத்த வருடம் உத்திரமேரூரில் டேனியலின் மைக்செட் கடையில் மூவரும் மறுபடி பார்த்துக்கொண்டார்கள். தேவராஜ் டேனியலின் கச்சேரிக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தான். அனுஷா அரிசி ஆலையில் வேலை செய்தாள். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவள் குரல் தகரத்தைக் கிழிப்பதுபோல் ஆகியிருந்தது. மோகன்குமார் விடுதியில் கற்றுக்கொண்ட எலெக்ட்ரிக் கிட்டாரைப் பழுது பார்க்கக் கொண்டுவந்திருந்தான். டேனியல் சரிசெய்து கொடுக்க, அவன் தந்தியை ஒரு தடவை இழுத்து ஒலிக்க விட்டுப் பார்த்தான். அனுஷா திரும்பினாள். அப்பாவை அடித்ததைப் பற்றி அவளிடம் ஒரு பாட்டு இருந்தது. அதற்கு அந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது.

தேவராஜ் முடியாது என்றான். "இவன்கூட எப்டி குந்திக்கினு வாசிக்கறது?"

"கயிறு புடிச்ச கைதான? அந்தக் கையே வாசிக்கட்டும்" என்றாள் அனுஷா.

பெருநகர் சாலையில் மூடிக் கிடந்த ஒரு கோழிப் பண்ணைக் கொட்டகையை டேனியல் பிடித்துக் கொடுத்தார். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் ஆம்ப்ளிஃபயர் முழுதாக ஓடும். வயலில் மோட்டார்கள் ஓடத் தொடங்கும்போது இவர்களும் ஆரம்பிப்பார்கள். குழுவுக்கு த்ரீ ஃபேஸ் என்று பெயர் வைத்தது தேவராஜ். கொட்டகையில் பழகிய முதல் மூன்று மாதத்தில் மோகன்குமாரிடம் அவன் நேராகப் பேசிய ஒரே விஷயம் அந்தப் பெயர்தான்.

அனுஷாவின் அந்த 'மோட்டார் கொட்டா' பாட்டை டேனியல் தன் போனில் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார். பாட்டில் எந்தப் பெயரும் இல்லை. மூங்கில், தூண், காது, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். செங்கல்பட்டிலும் வேலூரிலும் கல்லூரி மேடைகள் கிடைத்தன. வேலூரில் பையன்கள் நாற்காலிகளைத் தலைக்கு மேல் தூக்கி உடைத்தார்கள். ஒருவனுக்கு மண்டை பிளந்தது. ரத்தம் வழிய அவன் குதித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து மோகன்குமார் ஒரு வரி வாசிக்காமல் விட்டான். அனுஷா நிறுத்தாமல் பாடினாள்.

ஊரில் பஞ்சாட்சரம் டீக்கடைக்குப் போனால் யாராவது போனில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு சுகுமார் மூன்று பேரோடு கொட்டகைக்குள் வந்தான். கையில் கடப்பாரை. முதல் அடியில் பெரிய டிரம் பிளந்தது. அடுத்ததில் ஸ்பீக்கர். ஒருவன் அனுஷாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். தேவராஜ் எழுந்து முன்னால் வந்தான். அவனுக்கும் சுகுமாருக்கும் நடுவில் மோகன்குமார் நின்றிருந்தான்.

"மோகனு, நீ ஒதுங்கிக்கோ" என்றான் சுகுமார். சாப்பிடக் கூப்பிடும் குரலில் சொன்னான்.

மோகன்குமாரின் கால் அரை அடி நகர்ந்தது. அந்த அரை அடி போதுமாயிருந்தது. கடப்பாரை தேவராஜின் வலது மணிக்கட்டில் இறங்கியது. அவன் விழுந்ததும் தரையில் கிடந்த அதே கையில் இன்னொரு முறை. அனுஷா சிம்பல் ஸ்டாண்டைத் தூக்கி சுகுமாரின் முகத்தில் வீசினாள். கன்னம் பிளந்து பல் தெரிந்தது. அவளை மூன்று பேரும் கீழே தள்ளி விலாவில் உதைத்தார்கள். அதன் பிறகுதான் மோகன்குமார் அண்ணன்மேல் பாய்ந்தான். கழுத்தைப் பிடித்து, டேனியல் வந்து விலக்கும்வரை தலையைத் தரையில் மோதிக்கொண்டே இருந்தான்.

தேவராஜின் கையில் பிளேட் வைத்தார்கள். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார் டாக்டர். ஸ்டேஷனில் மோகன்குமார் அண்ணனின் பெயரைச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டான். அரை அடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வெளியே பஞ்சாட்சரம் நின்றிருந்தார். அவன் முகத்தைப் பார்க்காமல், "இனிமே எனக்கு ஒரே புள்ளதான். அவன் உள்ள கீறான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

கொட்டகையில் நடந்தது செய்திகளில் வந்த பிறகு பாட்டை இரண்டு கோடிப் பேர் பார்த்திருந்தார்கள். சென்னையில் பெரிய மைதானத்தில் நிகழ்ச்சி கேட்டார்கள். டிரம்ஸுக்கு வேறு ஆள் போடலாமா என்றார்கள். தேவராஜ் குச்சியைக் கையோடு வைத்து பேண்டேஜால் சுற்றச் சொன்னான். டேனியல் சுற்றிவிட்டார்.

மேடைக்குப் பின்னால் அனுஷா மோகன்குமாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூச்சு விடும்போது இன்னும் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒதுங்குனத நான் பாத்தேன்" என்றாள்.

அவன் கிட்டாரைக் கீழே வைத்தான்.

"எங்கண்ணன் பாக்கல. அத்தப் பத்தி பாட்டுல கடைசியா ஒரு வரி சேத்துக்கீறேன். அத்த நான் பாடப் போறதில்ல."

"அப்போ யாரு?"

அவள் எழுந்து போய்விட்டாள்.

பன்னிரண்டாயிரம் பேர் மூங்கில் என்றும் தூண் என்றும் சேர்ந்து கத்தினார்கள். தேவராஜின் பேண்டேஜில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. அவன் அடிப்பதை நிறுத்தவில்லை. பாட்டு முடியும் இடம் வந்தது, முடியவில்லை. அனுஷா பாடுவதை நிறுத்திவிட்டு மேடையின் குறுக்கே நடந்து வந்து, மைக்கை மோகன்குமாரின் வாய்க்கு நேரே நீட்டினாள். என்னவென்று புரியாமல் தேவராஜும் அடிப்பதை மெதுவாக்கித் தலையை நிமிர்த்திப் பார்த்தான். மைக்கில் மோகன்குமாரின் மூச்சு மைதானம் முழுக்கக் கேட்டது.