உப்பு தின்ற தளம்

முழங்காலில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு, கராஜ் வாசலில் கார் ஏறும் கான்கிரீட் தளத்தின் மேல் ஆர்வில் தவழ்ந்துகொண்டிருந்தார். சுத்தியலால் ஒரு தட்டு. காது கொடுத்துக் கேட்பது. கொஞ்சம் நகர்ந்து மறுபடி ஒரு தட்டு. கான்கிரீட் ‘ணங்’ என்றது. பனி உருகி மூன்று வாரம் ஆகியும் ஏரிக்காற்று காதைக் கடித்தது.

வீட்டுக்காரி லோர்னா காப்பிக் கோப்பையோடு கராஜ் கதவில் சாய்ந்து நின்றாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ட்ரிப்பை முடித்த கையோடு வந்திருந்தாள். ஆர்வில் வேலை பார்க்கும் தளம் போடும் கம்பெனியின் விற்பனையாள் கர்ட்டிஸ் லாரியை விட்டு இறங்கவே இல்லை. வெள்ளை ஷூ. மடியில் இருந்த படிவத்தில் ‘முழுவதும் மாற்ற வேண்டும்’ என்ற கட்டத்தில் வரும் வழியிலேயே குறி போட்டுவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து ஆர்வில் அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

"என்ன பெரிசு, டாக்டர் மாதிரி தட்டித் தட்டிப் பாக்குறே? செத்துப்போச்சுன்னு சொல்லு, கெளம்பலாம்."

"உன்ன மாதிரி டாக்டரா இருந்தா நானும் வண்டிய விட்டு எறங்காமலே சொல்லியிருப்பேன் தம்பி."

லோர்னா சிரித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள். "நெசத்தச் சொல்லுங்க பெரியவரே. இத மாத்தணும்னா இந்த வருசமும் கூரையில கை வைக்க முடியாது. கட்டிலுக்கு மேலயே ஒழுகுது."

ஆர்விலுக்கு அறுபத்தொன்று. முப்பத்தெட்டு வருஷம் மண்டியிட்டே தளம் போட்டவர். வலது முட்டியில் தேய இனி ஒன்றும் இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். காலைக் கண்ணால் பாராத காப்பீட்டுக்காரர்கள் ‘இன்னும் உழைக்கும், உடற்பயிற்சி செய்யவும்’ என்று மூன்று தடவை கடிதம் போட்டார்கள். நான்காவது மனு போயிருக்கிறது. அந்தக் காப்பீடும் கம்பெனி வேலை இருக்கும்வரைதான். மாற்ற வேண்டாம் என்று சொல்லி இந்த மாதம் இன்னொரு ஆர்டரைக் கெடுத்தால் சீட்டு கிழியும் என்று கர்ட்டிஸ் காலையில்தான் சொல்லியிருந்தான்.

ஆர்வில் கேட்டார். "ஏம்மா, பனிக்கு உப்பு போட்டியா?"

"போட்டேன். டிப்போவுல சும்மா கெடந்துச்சு. வாளி வாளியா கொட்டினேன்."

"சும்மா கெடச்சா வெசத்தையும் கொட்டுவியா? அதான் தோல் உரிஞ்சிருக்கு. உரிஞ்சது தோல்தான். உள்ள எலும்பு கல்லு மாதிரி இருக்கு."

"முப்பது வருசத் தளம்!" என்று லாரியிலிருந்து கர்ட்டிஸ் கத்தினான். "ஆயுசு முடிஞ்சிருச்சு மேடம்."

ஆர்வில் தளத்தின் மூலைக்குத் தவழ்ந்து போய் எச்சில் தொட்டுத் தேய்த்தார். தளம் போடுகிறவர்கள் ஈரம் காயுமுன் அந்த வருஷத்துச் செப்புக் காசு ஒன்றை மூலையில் அழுத்திவிட்டுப் போவார்கள். லோர்னா குனிந்து படித்தாள்.

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு."

"காசுக்குப் படிக்கத் தெரியாதுங்கிறது நல்லதாப் போச்சு. படிவத்தப் பாத்து வயச மாத்திக்கல."

பிறகு தளத்தின் நடுவே ஓடிய விரிசலில் விரலை ஓட்டினார். "இங்க பாரு. விரிசலுக்குள்ள ஒரு காசுகூட நுழையாது. ரெண்டு பக்கமும் ஒரே மட்டம். மிதிச்சா ஆடல. ஆடினா, தட்டுறப்ப பொத்துன்னு சத்தம் வந்தா, தண்ணி வீட்டுப் பக்கம் ஓடினா, அப்ப ஒடச்சுப் போடு. இப்ப இந்தக் கடேசிப் பாளம் ஒண்ணுதான் எறங்கியிருக்கு. கூரைத் தண்ணிக் குழாய் மண்ண அரிச்சிருச்சு. குழாயத் திருப்பு, பாளத்தத் தூக்கி விடு, விரிசல அடை. இன்னும் இருவது வருசம் கெடக்கும். காச எடுத்துக் கூரைக்குப் போடு."

லோர்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கர்ட்டிஸ் படிவத்தைக் கசக்கினான்.

"ஆபீஸ்ல சொல்லிடுறேன் பெரிசு. நாளைலேருந்து நீ வர வேணாம். வீட்டுக்கும் நடந்தே போ."

"உன் பேச்சக் கேட்டுக்கிட்டு வர்றதுக்கு நடக்கிறதே மேல்."

சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி நிமிரவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். ‘கடக்’ என்று ஒரு சத்தம் வந்ததோடு சரி.

"தட்டிப் பாக்கட்டுமா?" என்றாள் லோர்னா, சுத்தியலை எடுத்து.

"தட்டாத. பொத்துன்னுதான் கேக்கும்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவள் தோளைக் கொடுத்தாள். அதைப் பிடித்தபடி, முட்டி வழிக்கு வரட்டும் என்று அவர் மண்டியிட்டே காத்திருந்தார். லாரி பின்வாங்கித் திரும்பித் தெருவில் ஏறியது. அதன் பின்கதவில் முழ உயர எழுத்தில் எழுதியிருந்தது: ‘எங்கள் தளங்களுக்கு வாழ்நாள் உத்தரவாதம்’.